சங்கு ஒன்று, காது பல

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனி. திங்கட்கிழமை காலை ஏழேமுக்கால். முதல் ஷிப்ட் சூப்பர்வைசருக்கு போன் வருகிறது.

"சார், ஜுரம் சார். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. சாப்பாடே எறங்கல. இன்னிக்கு ஒரு நாள் லீவு..."

"நேத்து மேட்ச் ராத்திரி எத்தனை மணிக்குப்பா முடிஞ்சுது?" என்கிறார் சூப்பர்வைசர். அவருக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ்.

ஆபரேட்டர் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். (மாசத்தில் ஒரு நாளாவது நிஜமாக இருக்காதா!) அவரை இப்படி அடித்துப் போட்டது யார்? வைரஸ் என்பீர்கள். பாதிதான் சரி. வைரஸ் தொண்டையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நெற்றி கொதிப்பதும், முட்டி வலிப்பதும், இட்லியைக் கண்டாலே வெறுப்பதும் பெரும்பாலும் ஆபரேட்டரின் சொந்த உடம்பு செய்கிற வேலை. ஆபத்து என்று ஒரு செய்தி போயிற்று. சில காதுகள் அதைக் கேட்டன. மற்றதெல்லாம் அதன் விளைவு.

அந்தக் காதுகளில் ஒன்றின் பெயர், இன்டர்லூகின்-6 ரிசப்டர். பெயரைப் பார்த்துவிட்டு ஜோக் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். 2021 கொரோனா இரண்டாவது அலையில், நாற்பதாயிரம் ரூபாய் ஊசி ஒன்றுக்காக ஜனங்கள் சீட்டும் கையுமாக மருந்துக் கடை கடையாக அலைந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? டோசிலிசுமாப். அந்த ஊசி போய் அடைப்பது இந்தக் காதைத்தான்.

சங்கு ஊதியாச்சு!

புதுச்சேரியில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் மில் சங்கு ஊதும். ஷிப்டுக்குப் போகிறவர் சைக்கிளை வேகமாக மிதிப்பார். டீக்கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றுவார். வீட்டில் ஒருவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். காது கேட்காதவர் தூங்கிக்கொண்டே இருப்பார். சங்கு ஒன்றுதான். என்ன நடக்கும் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது.

உடம்பிலும் இதே ஏற்பாடு. கிருமி நுழைந்தாலோ, காயம் பட்டாலோ அங்குள்ள செல்கள் ரத்தத்தில் சின்னச் சின்னப் புரதங்களை ஊதிவிடுகின்றன. இவற்றுக்குப் பொதுப் பெயர் சைட்டோகைன். அதைக் கேட்கிற புரதம் ரிசப்டர், தமிழில் ஏற்பி. ஏற்பி இல்லாத செல்லுக்குச் செய்தி கேட்காது. ரத்தம் முழுக்கச் சங்கு அலறினாலும் அது பாட்டுக்குத் தூங்கும்.

இன்டர்லூகின்-6 அப்படி ஒரு சங்கு. அதைக் கண்டுபிடித்த கதையே தமாஷ். 1980-களில் உலகத்தின் ஐந்தாறு மூலைகளில் ஆளாளுக்கு ஒரு புரதத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அது ஈரலைத் தூண்டுகிறது என்றார். இன்னொருவர் புற்றுநோய் செல்களை வளர்க்கிறது என்றார். மூன்றாமவர் அதை இன்டர்ஃபெரான் வகையில் சேர்த்தார். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடாமிட்சு கிஷிமோட்டோவும் அவருடைய சகா டோஷியோ ஹிரானோவும், பி செல் என்ற வெள்ளையணுவை எதிர்ப்புப் புரதம் தயாரிக்க வைக்கும் பொருளைத் தேடினார்கள். 1986-ல் அதன் மரபணுவைப் பிடித்துப் படித்துப் பார்த்தால்... எல்லாரும் துரத்தியது ஒரே ஆளை! ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஓட்டர் லிஸ்ட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர் என்கிற மாதிரி. பிறகு எல்லாரும் கூடி இன்டர்லூகின்-6 என்று ஒரே பெயராக வைத்தார்கள்.

கிஷிமோட்டோ அதோடு விடவில்லை. ஒரே பொருள் ஈரலில் ஒரு வேலை, பி செல்லில் வேறு வேலை செய்கிறது என்றால், அதைக் கேட்கிற காதைப் பார்த்தாக வேண்டும் அல்லவா? 1988-ல் அவர் குழு ஏற்பியையும் கண்டுபிடித்தது. 468 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு புரதம். செல்லின் மேல்தோலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அதன் உள்பக்கத்து வால் ரொம்பக் குட்டை. செய்தியைக் கேட்கும், உள்ளே சொல்லத் தெரியாது.

அப்போது உள்ளே சொல்வது யார்? பக்கத்திலேயே ஜி.பி.130 என்று இன்னொரு புரதம் நிற்கிறது. சங்கைப் பிடித்த காது இந்த ஜி.பி.130-ஐத் தொட்டதும், செல்லுக்குள் ஒயரில் கரன்ட் பாய்கிறது. உட்கருவில் உள்ள மரபணுக்களில் சில ஸ்விட்சுகள் விழுகின்றன. காது தனி, ஒயர் தனி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தண்டோராக்காரர்

ஆச்சரியம் இதற்கு மேல்தான். ஒயர், அதாவது ஜி.பி.130, உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. காதோ ஈரல், சில வெள்ளையணுக்கள் என்று குறிப்பிட்ட சிலவற்றில்தான். அப்படியானால் மற்றவை தப்பித்தன என்றுதானே நினைப்போம்? இல்லை. இந்தக் காது சில சமயம் செல்லிலிருந்து கத்தரிக்கப்பட்டு ரத்தத்தில் மிதக்கிறது. மிதக்கிற காது ஒரு சங்கொலியைப் பிடித்துக்கொண்டு, காதே இல்லாத செல்லின் வாசலில் நின்று அதன் ஜி.பி.130-ஐத் தட்டும். "உனக்குக் கேட்டிருக்காது, நான் சொல்றேன், ஊர்ல பிரச்னை!" என்று தண்டோரா போடும். ஜெர்மனியின் ஸ்டெஃபான் ரோஸ்-ஜான் போன்றவர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து சொன்ன சங்கதி இது. அழற்சி ஓர் இடத்தில் ஆரம்பித்து ஊர் முழுக்கப் பரவுவதற்கு இந்தத் தண்டோரா ஒரு முக்கியக் காரணம்.

சரி, செய்தி கேட்டதும் யார் யார் என்ன செய்கிறார்கள்?

மூளையில்: ரத்தக் குழாயின் உள்சுவர் செல்கள் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. உடம்பின் தெர்மோஸ்டாட் மேலே திருகப்படுகிறது. ஜுரம். நீங்கள் போடும் பாராசிட்டமால் இந்தப் ப்ராஸ்டகிளாண்டினைக் குறைக்கிறது. சங்கு பாட்டுக்கு ஊதிக்கொண்டுதான் இருக்கும்.

ஈரலில்: சி.ஆர்.பி. என்ற புரதம் மூட்டை மூட்டையாகத் தயாராகிறது. கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்குகூட ஏறும். லேபில் "சி.ஆர்.பி. பாத்துடலாம்" என்று ரத்தம் எடுக்கிறார்களே, அது மறைமுகமாகக் கேட்பது இதைத்தான்: உங்கள் ஈரலுக்குச் சங்கு எவ்வளவு பலமாகக் கேட்டிருக்கிறது?

அதே ஈரல் ஹெப்சிடின் என்று ஒன்றையும் விடுகிறது. இது இரும்புச் சத்தைக் கிடங்கில் பூட்டி வைக்கிறது. கிருமிக்கும் இரும்பு தேவை, கொடுக்காதே என்று கணக்கு. ஒரு வாரம் பூட்டினால் புத்திசாலித்தனம். ஒரு வருஷம் பூட்டினால் உங்களுக்கே ரத்தசோகை.

பி செல்கள் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் ஆலைகளாக மாறுகின்றன. கிஷிமோட்டோ முதலில் தேடியது இதைத்தான்.

இன்னொரு சுவாரஸ்யம். நீங்கள் நீண்ட தூரம் ஓடினால் உங்கள் தசையும் இன்டர்லூகின்-6 விடும். மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தில் நூறு மடங்கு வரை ஏறியிருக்கிறது. யாருக்கும் அதனால் நோய் வரவில்லை. ஓட்டம் முடிந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஆக, சங்கு கெட்டதில்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் ஊதினால்தான் கஷ்டம்.

காதில் பஞ்சு

நிறுத்தாமல் ஊதும் நோய்களில் ஒன்று ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கிருமி எதுவும் இல்லை. ஆனால் உடம்பின் காவல்காரர்களே மூட்டுகளைத் தாக்குகிறார்கள். விரல்களில் வீக்கம், காலையில் சட்டை பட்டன் போட முடியாத விறைப்பு, சோர்வு, ரத்தசோகை. மூட்டு நீரைச் சோதித்தால் இன்டர்லூகின்-6 கொட்டிக் கிடக்கும்.

கிஷிமோட்டோ யோசித்தார். சங்கைப் பிடுங்க முடியாது. உடம்பின் பல இடங்களில் ஊதுகிறார்கள். ஒயரை வெட்டலாமா? வேறு பல சைட்டோகைன்களுக்கும் ஜி.பி.130-தான் ஒயர். அதன் மரபணுவை எடுத்துவிட்ட எலிகள் கருவிலேயே இறந்துபோயின. மிச்சம் இருப்பது காது. அதில் மட்டும் பஞ்சை அடைத்தால்?

சுகாய் என்ற ஜப்பானிய மருந்துக் கம்பெனியுடனும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களுடனும் சேர்ந்து, எலியிடம் உண்டான ஓர் எதிர்ப்புப் புரதத்தை மனித உடம்பு ஏற்றுக்கொள்ளும்படி மாற்றித் தைத்தார்கள். அதுதான் டோசிலிசுமாப். செல்லின் மேலுள்ள காதையும் அடைக்கும். ரத்தத்தில் மிதக்கிற தண்டோராக்காரரின் வாயையும் அடைக்கும். 2005-ல் ஜப்பானில் காசில்மன் என்ற அபூர்வ நிணநீர்ச் சுரப்பி நோய்க்கு அனுமதி கிடைத்தது. 2008-ல் அங்கேயே ருமட்டாய்டுக்கு. 2010-ல் அமெரிக்காவில். புரதம் கண்டுபிடித்து மருந்துக் கடைக்கு வர சுமார் இருபது வருஷம்.

2012-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது சினிமா மாதிரி. எமிலி வைட்ஹெட், ஆறு வயசுச் சிறுமி. ரத்தப் புற்றுநோய், எந்த மருந்துக்கும் மசியவில்லை. அவளுடைய டி செல்களையே எடுத்து, புற்றுநோயைக் கொல்லும்படி மரபணுவை மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். குழந்தைகளில் அவள்தான் முதல் ஆள். செல்கள் வேலையைத் துவங்கின. துவங்கிய வேகத்தில் ஜுரம் கொதித்து, ரத்த அழுத்தம் விழுந்து, வென்டிலேட்டருக்குப் போனாள். சோதித்துப் பார்த்தால் இன்டர்லூகின்-6 விண்ணைத் தொட்டு நிற்கிறது. ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் கார்ல் ஜூனுக்கு டோசிலிசுமாப் பற்றித் தெரிந்திருந்தது. காரணம், அவருடைய மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம்! ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் ஜுரம் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளன்று எமிலி கண் விழித்தாள். புற்றுநோயும் போயிருந்தது. 2017-ல் இந்த உபயோகத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்தது.

நாற்பதாயிரம் ரூபாய்க் கேள்வி

2020-ல் கொரோனா வந்தபோது டாக்டர்களுக்கு எமிலிதான் ஞாபகம் வந்தாள். வைரஸ் வந்து ஒரு வாரம் கழித்துத் திடீரென நுரையீரல் படுத்துவிடுகிறது. ரத்தத்தில் இன்டர்லூகின்-6 உயர்ந்திருக்கிறது. "சைட்டோகைன் புயல்" என்றார்கள். நம்மூரில் புயல் என்றால் சும்மாவா? காதை அடை, டோசிலிசுமாப் போடு!

சோதனை முடிவுகள் வேறு மாதிரி பேசின. ஆரம்பச் சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை. இந்தியாவில் 12 ஆஸ்பத்திரிகளில் 180 பேரிடம் நடந்த கோவின்டாக் சோதனை 2021 மார்ச்சில் வெளிவந்தது: மிதமான நிலையிலிருந்து கடுமையான நிலை வரை உள்ள எல்லாருக்கும் வழக்கமாகப் போட ஆதாரமில்லை, கடுமையானவர்களுக்கு ஒருவேளை உதவலாம். பிரிட்டனின் ரெக்கவரி சோதனை பெரிது, 4,116 பேர். ஆக்சிஜன் போதாமலும் சி.ஆர்.பி. உயர்ந்தும் இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 100-க்கு 35, போட்டவர்களில் 31. அதாவது இருபத்தைந்து பேருக்குப் போட்டால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கும். அவர்களில் பெரும்பாலோர் ஸ்டீராய்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கு சின்னதா, பெரிசா? இருபத்தைந்தில் அந்த ஒருவர் உங்கள் அண்ணன் என்றால் பெரிசு. ஆனால் 400 மில்லிகிராம் குப்பி சுமார் 40,000 ரூபாய், அதுவும் கறுப்பு மார்க்கெட்டில் பல மடங்கு. நகையை அடகு வைத்து, யாருக்குத் தேவை, எப்போது தேவை என்று தெரியாமல் ஜனங்கள் ஓடினார்கள். புயல் கிளம்பும் முன்னே போட்டால் பிரயோஜனமில்லை. முடிந்த பிறகு போட்டாலும் இல்லை. சரியான ஆளுக்கு, சரியான நாளில் போட வேண்டிய ஊசி அது. அதே ரெக்கவரி சோதனை 2020 ஜூனிலேயே சொல்லிவிட்ட டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. விலை? டீ, வடை காசு.

2021 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் டோசிலிசுமாப் மீதான வரியை நீக்கியது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், கடுமையான நோயாளிகளுக்கு ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடலாம் என்றது. செப்டம்பரில் ஹைதராபாத் ஹெட்டரோ கம்பெனியின் உள்நாட்டுத் தயாரிப்புக்கு அவசர அனுமதி கிடைத்தது. அதற்குள் இரண்டாவது அலை வடிந்துவிட்டது. கல்யாணம் முடிந்த பிறகு நாயனக்காரர் வந்த கதை. நடுவில், காதை விட்டுவிட்டு உள் ஒயரில் கை வைக்கும் பாரிசிடினிப் மாத்திரைக்கு மே மாதமே நம் நாட்டில் அவசர அனுமதி கிடைத்திருந்தது. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது.

செவிட்டு ஈரல்

காதை அடைத்தால் நல்லதுதானே, நிரந்தரமாக அடைத்துவிட்டால் ஜுரமே வராதே என்று கேட்கலாம். இயற்கையே அந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறது. பிறவியிலேயே இந்த ஏற்பி வேலை செய்யாத இரண்டு பேரைப் பற்றி 2019-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்றுகள், தோலில் எக்ஸிமா. தொற்று வரும், ஆனால் சி.ஆர்.பி. ஏற வேண்டிய அளவு ஏறாது. திருடன் வீட்டுக்குள், நாய் குரைக்கவில்லை.

டோசிலிசுமாப் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே நிலைதான், கொஞ்சம் செயற்கையாக. ஈரலுக்குச் சங்கு கேட்காது. அதனால் சி.ஆர்.பி. தரையோடு தரையாகக் கிடக்கும். நுரையீரலில் நிமோனியா இருந்தாலும் ரிப்போர்ட் "நார்மல்" என்று சிரிக்கும். ஜுரமும் அடங்கியே இருக்கும். நம் ஊரில் இன்னொரு பயம் டி.பி. சின்ன வயசில் நுழைந்து மூலையில் தூங்கும் கிருமி, காவல் தளர்ந்தால் எழுந்துகொள்ளும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பு மார்பு எக்ஸ்ரே, டி.பி. சோதனை எல்லாம் கேட்கிறார்கள். "மூட்டு வலிக்கு எதுக்கு சார் நெஞ்சு எக்ஸ்ரே?" என்று கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள். எடுத்துவிடுங்கள்.

பாக்கெட்டில் வைத்துக்கொள்ள

ஒன்று: சி.ஆர்.பி. ரிப்போர்ட் வந்தால் எண்ணைப் பார்க்கும் முன் யூனிட்டைப் பாருங்கள். சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடும். சில லேப் டெசிலிட்டருக்கு. இரண்டாவதில் 6 என்றால் முதலாவதில் 60. ஒரு லேபில் 60, இன்னொரு லேபில் 6 என்று பார்த்து "குறைஞ்சிடுச்சு!" என்று ஸ்வீட் வாங்கிவிடாதீர்கள்.

இரண்டு: சி.ஆர்.பி. சங்கின் பலத்தைத்தான் சொல்லும். யார் ஊத வைத்தது என்று சொல்லாது. அந்த எண்ணை மட்டும் பார்த்து நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம்.

மூன்று: இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம், காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, இது ஆறு வாரமாக நீடிக்கிறது என்றால் தைலத்தை ஓரமாக வையுங்கள். முதல் சில மாதங்களில் வைத்தியம் ஆரம்பித்தால்தான் மூட்டுகள் கோணாமல் தப்பும். முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, விலையும் மலிவு. அது கேட்காதவர்களுக்குத்தான் டோசிலிசுமாப் மாதிரி ஊசிகள். சேதராப்பட்டிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். கோரிமேட்டில் ஜிப்மரில் க்ளினிகல் இம்யூனாலஜி என்று இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. மூட்டு வலிதானே என்று அரை நாள் லீவுக்குக் கணக்குப் பார்த்தால், பிறகு வருஷக்கணக்கில் லீவு போட வேண்டியிருக்கும். சிகரெட்டையும் விடுங்கள், இந்த நோய்க்கு அது நன்றாகவே உரம் போடுகிறது.

நான்கு: வீட்டில் யாராவது டோசிலிசுமாப் போட்டுக்கொண்டிருந்தால், எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சரி. லேசான இருமல், கொஞ்சம் வயிற்று வலி என்றாலும் ஜுரம் இல்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆனால், அந்தச் சீட்டு அவருக்காகப் பேசும்.